14416: வீட்டில் எழுதி வைக்க வேண்டிய ஓர் எண்

ஹைதராபாதில் ஒருவரைக் கேலி செய்ய வேண்டுமானால், "எர்ரகட்டாவுக்கு டிக்கெட் வாங்கட்டுமா?" என்பார்கள். சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே அதே வேலையைக் கீழ்ப்பாக்கம் செய்து வருகிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. தலைமுறை தலைமுறையாக எத்தனையோ பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிய இடம், நம் வாயில் மட்டும் வசவாகவே நின்றுவிட்டது. இப்படி ஊரே சிரிக்கிற வாசலில், மனம் சரியில்லை என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தானாகப் போய் நிற்பானா?

நிற்க மாட்டான். ஆனால் அவன் கையில் செல்போன் இருக்கிறது. அதன் வழியாக அவன் உதவியை எட்ட முடியுமா, எட்டும் வழியில் எங்கே தடை விழுகிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா முடித்துவிட்டுத் தென் மத்திய ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்று, சைனிக்புரியில் வீடு கட்டிக்கொண்டு இருப்பவன். ஒரு தொலைபேசிப் பேச்சு எங்கிருந்து கிளம்புகிறது, எங்கே போய்ச் சேருகிறது, நடுவில் யார் யார் காதில் விழுகிறது என்று பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

2021-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். தடுப்பூசிக்குக் கோவின் தளத்தில் பதிவு செய்யத் தெரியாமல் நம்மில் எத்தனை பேர் விழித்தோம்! நமக்கு நாள் வாங்கிக் கொடுத்தது பெரும்பாலும் பேரப்பிள்ளைகள்தாம். அவ்வாண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி 18 வயதைத் தாண்டியவர்களுக்கும் பதிவு திறந்த பிறகு, இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. சென்னையில் பெர்ட்டி தாமஸ் என்ற கணினி வல்லுநர், எந்த ஊரில் எப்போது இடம் காலியாகிறது என்று பார்த்து டெலிகிராம் வழியே சொல்லும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார். லட்சக்கணக்கான இளைஞர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். ஆக, செல்போனைக் கொண்டு மருத்துவ வசதியை எட்டிப் பிடிப்பது அவர்களுக்குத் தெரியாத வித்தை அல்ல. தாத்தாவின் சர்க்கரை வியாதிக்கு மருத்துவரைத் தேடுவதில் அவர்களுக்கு வெட்கமில்லை. தமக்கென்று வரும்போதுதான் கை தயங்குகிறது. மாதவிலக்குக் கோளாறு, முகத்தில் பரு, உடம்பைப் பற்றிய அச்சம், புகை, மது, தூக்கமின்மை, படிப்பு ஏறவில்லை என்ற பயம், காதல் தோல்வி, இவற்றில் எதை அவர்கள் ஹாலில் உட்கார்ந்து நம் எதிரில் பேசுவார்கள்?

இது சிறிய தொகை அல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதாவதொரு மனநலக் குறை இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் மூன்று பேர் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். 2022-இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. நம் மாநிலத்திலேயே, 2019 ஏப்ரலில் இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் குளறுபடிகளோடு வெளிவந்த நாள்களில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை இழந்தோம். அன்று 14416 என்ற எண் கிடையாது.

இப்போது என் தொழில் பக்கம் கொஞ்சம் வருகிறேன். ரயில்வேயில் இருவகைத் தொலைபேசிகள் உண்டு. ஒன்று கண்ட்ரோல் போன். ஒரு செக்ஷனில் உள்ள எல்லா ஸ்டேஷன்களும் ஒரே கம்பியில் தொங்கும். கண்ட்ரோலர் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரோடு பேசுவதை வரிசையில் உள்ள மற்றவர்கள் எல்லாரும் ரிசீவரை எடுத்துக் கேட்கலாம், கேட்கவும் செய்வார்கள். யாருக்கு மெமோ வந்தது என்பது மாலைக்குள் செக்ஷன் முழுவதும் தெரிந்துவிடும். இன்னொன்று கேட் போன். லெவல் கிராசிங் கேட்டிலிருந்து பக்கத்து ஸ்டேஷனுக்கு மட்டும் போகும். கைப்பிடியைச் சுழற்றினால் அங்கே மணி அடிக்கும். நள்ளிரவானாலும் அங்கே ஒருவர் எடுத்தே ஆக வேண்டும். நம் வீடுகளில் ஹாலில் இருந்த பழைய தொலைபேசி கண்ட்ரோல் போன் மாதிரி. அதில் ஒரு பெண் பிள்ளை டாக்டரிடம் எதையும் கேட்டிருக்க முடியாது. செல்போன் வந்து, முதன்முதலாக அந்தப் பிள்ளைக்கும் ஒரு கேட் போன் கிடைத்தது. மறுமுனையில் மணி அடிக்கும்போது எடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எடுக்க ஆளை வைக்கும் வேலையில் நம் ஊர் முன்னோடி. 108 ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாதில்தான் தொடங்கியது. அதன் தலைமையிடம் மேட்சல் சாலையில் இருக்கிறது, சைனிக்புரியிலிருந்து அதிக தூரமில்லை. 2007-இல் ஒன்றுபட்ட ஆந்திராவில் 104 வந்தது. ஆம்புலன்ஸ் வேண்டாம், யோசனை மட்டும் வேண்டும் என்பவர்களுக்கான எண் அது. பிறகு தமிழ்நாடும் 104-ஐ எடுத்துக்கொண்டு, பொதுத்தேர்வு முடிவுகளும் நீட் முடிவுகளும் வரும் காலத்தில் மாணவர்களோடு பேச ஆலோசகர்களை அதில் அமர்த்தியது. அரசுக்கு முன்பே இதைச் செய்தவர்களையும் சொல்ல வேண்டும். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சினேகா அமைப்பின் எண் 044-24640050. செகந்திராபாதில் ரோஷ்னி தொண்டர்கள் பல ஆண்டுகளாக இதே பணியைச் செய்து வருகிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் பிறகு, 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், மத்திய அரசு டெலி மானஸ் சேவையைத் தொடங்கியது. எண் 14416. கட்டணம் கிடையாது, இரவும் பகலும் உண்டு. நிம்ஹான்ஸ் இதற்குத் தலைமை, கணினி ஏற்பாடு பெங்களூர் ஐ.ஐ.ஐ.டி.யுடையது. தமிழ்நாட்டில் இதே எண்ணை 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் அறிமுகம் செய்தார்கள்.

எண்ணைச் சுழற்றினால் (அழுத்தினால் என்று சொல்ல வேண்டும், பழக்கம் போகவில்லை) என்ன நடக்கிறது? முதலில் எந்த மொழியில் பேச வேண்டும் என்று பதிவு செய்த குரல் கேட்கும். 20 மொழிகள் இருக்கின்றன, தமிழும் தெலுங்கும் உண்டு. பிறகு அந்தந்த மாநில மையத்துக்கு அழைப்பு போகும். எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். பெரும்பாலான பேச்சு அவரோடே முடிந்துவிடும். அவர் கைக்கு மீறியது என்றால் மனநல மருத்துவருக்கோ, உளவியல் நிபுணருக்கோ இணைப்பு போகும். நேரில் பார்க்க வேண்டுமானால் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையைச் சொல்வார்கள். 2024 அக்டோபரில் இதற்கென ஒரு செயலியும் வந்தது. 2025 தொடக்கத்துக்குள் இந்த எண்ணுக்கு வந்த அழைப்புகள் 18 லட்சத்தைத் தாண்டிவிட்டன. 13 வயது, 14 வயதுப் பிள்ளைகளும் அழைக்கிறார்கள்.

மொழியைப் பற்றி இடையில் ஒரு சொல். நம் வீட்டுப் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும், வகுப்பில் ஆங்கிலமும் பேசுகிறவர்கள். மனம் நொந்தால் எந்த மொழியில் நோவார்கள் என்று நம்மால் சொல்ல முடியாது. என் பேத்தியிடம் ஒரு நாள் சும்மா கேட்டேன். "தமிழ்ல சொன்னா அம்மாகிட்ட சொல்ற மாதிரி இருக்கும் தாத்தா. இங்கிலீஷ்ல சொன்னாத்தான் தைரியமா வரும்" என்றாள். தமிழ்ச் சங்கப் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். எந்த மொழியில் பேசினாலும் பேசட்டும்.

உடம்புக்கென்றால் இ-சஞ்சீவனி என்ற அரசு ஏற்பாடு இருக்கிறது. மொகாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. 2020 ஏப்ரல் 13 முதல், வீட்டிலிருந்தே மருத்துவரைப் படத்தில் பார்த்துப் பேசி, மருந்துச் சீட்டைச் செல்போனிலேயே பெறலாம். இதற்கும் கட்டணம் இல்லை. தனியார் செயலிகளைப் பற்றி உங்களுக்கு என்னைவிடப் பிள்ளைகளே நன்றாகச் சொல்வார்கள்.

இனி தடைகளுக்கு வருகிறேன். தடை மருத்துவர் பக்கத்தில் மட்டும் இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். தொலைத்தொடர்புக்காரன் கண்ணில் படுவது வேறு. செல்போனில் பதிவு செய்து செய்யும் எந்த வேலைக்கும் ஓ.டி.பி. என்று ஆறு இலக்க எண் வரும். ரயில்வேயில் இதற்கு அண்ணன் முறையான 'பிரைவேட் நம்பர்' இருந்தது. கேட்டை மூடிவிட்டேன் என்று கேட்மேன் வாயால் சொன்னால் போதாது, தன் தாளில் உள்ள அடுத்த எண்ணையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் ஸ்டேஷன் மாஸ்டர் நம்புவார். அந்தத் தாள் கேட்மேனிடம்தான் இருக்கும், வேறு யாரிடமும் இருக்காது. ஓ.டி.பி. விஷயத்தில் நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். பிள்ளையின் ஆதாரில் அப்பாவின் செல்போன் எண். ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தபோது கொடுத்ததும் அப்பாவின் எண். பரிசோதனைக் கூடத்திலும் அதே எண். பத்தொன்பது வயதுப் பெண் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால், அதன் முடிவு அவளுக்கு முன்னால் அப்பாவின் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதனாலேயே பெரிய ரகளை நடந்தது. பரிசோதனையில் இருந்ததோ வெறும் தைராய்டு.

இதைச் சரிசெய்ய எந்தப் பொறியியலும் வேண்டாம். 18 வயது நிறைந்த பிள்ளையின் ஆதாரில் அதன் சொந்த எண்ணை மாற்றிக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரிப் பதிவிலும் மாற்றச் சொல்லலாம். 14 இலக்க ஆபா மருத்துவ அட்டை எடுக்கும்போது அவள் எண்ணிலேயே எடுக்கலாம். சொந்தமாகச் செல்போன் இருப்பதே எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 54 பேர்தான் தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்தார்கள். 14416-இன் பெரிய வசதி இங்கேதான். அதற்கு ஓ.டி.பி. தேவையில்லை, பட்டன் போன் போதும், தோழியின் போனிலிருந்தும் பேசலாம்.

வயது நிறையாதவர்களுக்கு ஒரு சட்டச் சிக்கல் உண்டு. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, வயது நிறையாத ஒருவரை மருத்துவர் செல்போனில் பார்க்க வேண்டுமானால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் யார் என்பதையும் மருத்துவர் உறுதி செய்துகொள்ள வேண்டும். இது பாதுகாப்புக்கான விதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதன் பொருள் என்ன? பதினாறு வயதுப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார, அவன் நம்பும் ஒரு பெரியவர் வேண்டும். அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்று நெறிகள் சொல்லவில்லை. சித்தியாக இருக்கலாம், தாத்தாவாக இருக்கலாம். "டாக்டர் கேட்கறதுக்கு நீ பதில் சொல்லு, நான் நடுவுல பேச மாட்டேன், வெளியிலும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லி, சொன்னபடி நடக்கிற ஒருவர் வீட்டுக்கு ஒருவராவது இருந்தால் இந்த விதி தடையாகாது. நம் வயதில் நமக்கு நேரம் இருக்கிறது. இந்த வேலைக்கு நாமே பொருத்தமானவர்கள் என்பது என் எண்ணம்.

யாரிடமும் கேட்க முடியாத பிள்ளை எங்கே போகிறான்? நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ரயில் பாதை ஓரத்துச் சுவர்களில் பெரிய எழுத்தில் ஒரு விளம்பரம் இருக்கும். வாலிப வயோதிக அன்பர்களே என்று கூப்பிட்டு, மாதத்தில் எந்தத் தேதி எந்த ஊர் லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்று சொல்லும். அப்படிப்பட்ட மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது, சுவர் மட்டும் வெள்ளையாகவில்லை. இப்போது அந்தச் சுவர் செல்போனுக்குள் வந்துவிட்டது. ஒரு பையன் ஒரே ஒரு முறை தேடினால் போதும், பத்து நாள் அதே மாத்திரைகள் அவனைத் துரத்துகின்றன. இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. மேலே சொன்ன நெறிகளின்படி, செல்போனில் மருந்து எழுதும் மருத்துவர் தம் பதிவு எண்ணைச் சீட்டில் காட்ட வேண்டும். எண் இல்லாத சீட்டுக்கு மருந்து வாங்க வேண்டாம்.

சில பிள்ளைகள் இப்போது மனிதர்களிடமே போவதில்லை. செயற்கை அறிவு இயந்திரத்திடம் இரவெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது கோபிக்காது, சிரிக்காது, அம்மாவிடம் சொல்லாது. ஈர்ப்பு புரிகிறது. ஆனால் அதே 2020 நெறிகள், இயந்திரம் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, பதிவு பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்கின்றன. கேட் போனை எடுக்கிறவர் ரயிலை நிறுத்தக்கூடியவராக இருக்க வேண்டும். ஒரு பிள்ளை அபாயத்தில் இருந்தால் ஆம்புலன்ஸை அனுப்ப, மறுநாள் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்க, மறுமுனையில் பொறுப்புள்ள மனிதர் தேவை.

எல்லாவற்றிலும் பெரிய தடையைக் கடைசியில் சொல்கிறேன். நம் ஊரைச் சுற்றி எத்தனை விடுதிக் கல்லூரிகள்! நீட், ஜே.இ.இ. என்று காலை ஐந்து மணிக்கு எழுப்பி இரவு பதினொன்று வரை படிக்க வைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் செல்போன் கூடாது. வாரம் ஒரு முறை வார்டன் அறையிலிருந்து வீட்டுக்குப் பேசலாம், வார்டன் எதிரிலேயே. மறுபடியும் கண்ட்ரோல் போன்! மிக அதிக அழுத்தத்தில் இருக்கும் பிள்ளைக்கு 14416 இருந்தும் இல்லை.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், நாடு முழுமைக்கும் 15 கட்டளைகளைப் பிறப்பித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்கள் மனநல ஆலோசகரை நியமிக்க வேண்டும். டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். மிக நல்ல கட்டளைகள். ஆனால் சுவரில் எண்ணை எழுதிவிட்டுப் போனை வாங்கிப் பூட்டி வைத்தால் அந்த எண்ணால் யாருக்கு லாபம்? செல்போனைத் தாராளமாகக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரவெல்லாம் விளையாடுவார்கள் என்ற கவலை நியாயமானது. மாடிக்கு ஒரு சாதாரண தொலைபேசி, 14416, 104, 108, 112, குழந்தைகளுக்கான 1098, வீட்டு எண், இவற்றுக்கு மட்டும் போகும்படி பூட்டிய ஒன்று, யார் அனுமதியும் இல்லாமல் எந்நேரமும் எடுக்கக் கூடிய இடத்தில் இருந்தால் போதும். இப்படிக் குறிப்பிட்ட எண்களுக்கு மட்டும் போகும் இணைப்புகளை நாங்கள் காலம் காலமாகப் போட்டிருக்கிறோம். செலவு ஒரு மாணவனின் புத்தகக் கட்டணத்தைவிடக் குறைவு.

அடுத்த மே, ஜூனில் பிள்ளைகளை விடுதியில் சேர்க்கப் போகும் அன்பர்கள், போன ஆண்டு தரவரிசை எத்தனை, சாப்பாடு எப்படி என்று கேட்பதோடு இன்னொன்றும் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு என் பிள்ளை 14416-ஐக் கூப்பிட நினைத்தால் எந்தப் போனிலிருந்து கூப்பிடுவான்? எங்கள் தெருவில் ஒரு தகப்பனார் தம் மகன் படிக்கும் கல்லூரியின் பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டார். முதலில் சிரித்தார்களாம். பிறகு இன்னும் நான்கைந்து பெற்றோர் எழுந்து அதையே கேட்டதும், இரண்டாவது மாடியில் மருந்துப் பெட்டி இருக்கும் அறையில் ஒரு தொலைபேசியை வைத்தார்கள். அறைக் கதவைப் பையன்கள் உள்பக்கம் தாழிட்டுக்கொள்ளலாமா என்பதில் இன்னும் பேச்சு நடக்கிறது.